பொருளின் தன்மை: கழிவு

என் அத்தையின் பட்டறைக்குள் வரும் எந்த மரத்தட்டுக்கும் மூன்று பெயரில் ஒன்று கிடைக்கும். நடக்கிறது. நொண்டுறது. படுத்தது. நான்காவதாக ஒரு சொல்லும் இருந்தது. அது ஒவ்வொரு தட்டுக்கும் உரியது இல்லை. வண்டியில் வந்து இறங்கும் மொத்தச் சுமைக்கும் உரியது. அதை அவள் "கழிவு" என்பாள். "கழிவு வந்துருச்சு, எந்திரிங்க" என்று குரல் கொடுத்தால் மாமா டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார். அந்த நான்காவது சொல்தான் அவள் பட்டறையை மூடியது. அதைக் காகிதத்தில் எழுதியவன் நான்.

சரக்கை அடுக்கிக் கட்டி, அடியில் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கைகளையும் நுழைத்துத் தூக்குவதற்காக வைக்கிற மரத்தட்டைத் தொழிலில் பேலட் என்பார்கள். எங்கிருந்தோ சரக்கைச் சுமந்துகொண்டு வரும். சரக்கு உள்ளே போனதும் பேலட் வெளியே போய்விடும். மதில் ஓரமாக மழையில் கிடக்கும். குவியல் மதிலைத் தாண்டினால் யாராவது தீ வைப்பார்கள். அத்தை இந்த ஊருக்கு வாழ வந்த புதிதில் மாமா ஒரு கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சோறு கொண்டுபோன ஒரு மதியம், நல்ல பலகையைக் குவித்து எரித்துக்கொண்டிருப்பதை அத்தை பார்த்திருக்கிறாள். "இது எதுக்கு எரியுது?" என்று காவலாளியைக் கேட்டாளாம். "எடம் அடைக்குது, அதான்" என்றாராம் அவர். "எடம் அடைச்சா என்கிட்ட சொல்லுங்க, நான் வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றாளாம். மாமாவின் இடுப்பு விட்டுப்போன வருடம் அவள் அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். கம்பெனிக் காவலாளிகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் அவள் "பலகை அக்கா". மாமாவுக்குத் தனிப் பெயர் எதுவும் அமையவில்லை. "பலகை அக்கா வீட்டுக்காரர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

அவள் பேலட்டைப் பார்த்து முடிவு செய்யமாட்டாள். ஒரு மூலையைப் பிடித்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அப்படியே விட்டுவிடுவாள். விழுகிற சத்தத்தைக் கேட்டு, திரும்பாமலே பெயரைச் சொல்வாள். 'டொக்' என்று ஒரே சத்தமாக விழுந்தால் நடக்கிறது. அப்படியே அடுத்த கம்பெனிக்குப் போகும். 'டொக், சளக்' என்று இரண்டு சத்தமாக வந்தால் நொண்டுறது. ஒரு பலகையோ ஒரு கட்டையோ மாற்றினால் எழுந்து நடக்கும். அதிர்வே இல்லாமல் தொப்பென்று விழுந்தால் படுத்தது. அதன் உடம்பிலிருந்து மற்றவற்றுக்கு உறுப்பு எடுக்க வேண்டியதுதான். நூறு வந்தால் அறுபது நடக்கும், முப்பது நொண்டும், பத்துதான் படுத்திருக்கும். அந்தப் பத்திலும் அடுப்புக்குப் போவது கடைசிச் சில்லுதான். இப்படி நூற்றுக்கு அறுபது நல்லதாக இருக்கிற சுமைக்கு ஏன் கழிவு என்று பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கம்பெனிக்காரன் கழித்தது, ஆகவே கழிவு. தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான் அந்தப் பட்டறையின் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை எந்தக் கூட்டத்திலும் தலை நிமிர்ந்து சொல்வேன். அந்த அறையின் சுவரே பெட்டிப் பலகைதான். என் படுக்கைக்கு மேலே மேல்நோக்கி இரண்டு அம்புக்குறியும், உடையக்கூடியது என்பதற்கு ஒரு கிளாஸ் படமும் அச்சாகியிருந்தன. "அம்பு காட்டுற பக்கம் போனா பொழச்சுக்குவ. கிளாஸ் மாதிரி ஆயிட்டா நாங்க பொறுப்பில்ல" என்பார் மாமா. காலையில் சுத்தியல் சத்தம் எழுப்பிவிடும். பரீட்சை நாட்களில் மட்டும் அத்தை ஒன்பது மணிவரை ஆணி அடிக்கமாட்டாள். வேலைக்கு வருகிற பெண்கள் முணுமுணுத்தால், "என் மருமகன் படிக்கிறான்டி. அவன் பேரு பின்னாடி போடப்போற எழுத்துக்கு நாம கொஞ்சம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா ஒண்ணும் கொறஞ்சிடாது" என்பாள். அவளுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். அதையும் தான்தான் சொல்லிக்கொடுத்ததாக மாமா சொல்வார்; தானே கற்றுக்கொண்டதாக அவள் சொல்வாள்.

பட்டம் வாங்கிய அடுத்த வருடம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. கைகழுவும் தொட்டிகள் செய்கிற இடம். அத்தை பதினோரு வருடமாக அந்தக் கம்பெனியின் பின்வாசலில்தான் பேலட் எடுத்துக்கொண்டிருந்தாள். நேர்முகத் தேர்வில் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே கிடைத்த வேலை என்பதில் எனக்கு ஒரு நிமிர்வு. 'சுற்றுச்சூழல் பிரிவு உதவியாளர்' என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. அத்தை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்வாசல்ல போறியா, பின்வாசல்ல போறியா?" என்றாள். "முன்வாசல்தான் அத்தை" என்றேன். "அப்ப சரி. பின்வாசல் பக்கம் வந்தா என்னத் தெரியாத மாதிரி இருந்துக்கோ. சொந்தக்காரிக்கு அள்ளிக் குடுக்கிறான்னு பேர் வரக்கூடாது."

நான் சேர்ந்த எட்டாம் மாதம் புது விதிகள் வந்தன. மரப் பொதிப்பொருள் கழிவை நிறுவனங்கள் எப்படி மீட்டெடுக்க வேண்டும் என்பதற்கான ஒழுங்குமுறை விதிகள். இருபத்திரண்டு பக்கம். கெட்ட விதிகள் என்று சொல்லமாட்டேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மரப்பெட்டியும் பேலட்டும் வெளியே தள்ளுகிற எந்த நிறுவனமும் அதை எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது, குப்பையோடு கலக்கக்கூடாது. தனியாக வைத்து, அனுமதி பெற்ற மீட்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சுமைக்கும் ஒரு சீட்டு. அதில் தேதி, எண்ணிக்கை, பொருளின் தன்மை, எடுத்துப்போகிறவர் கையெழுத்து. அத்தை அந்தக் காலத்தில் பார்த்த தீயை அணைக்கத்தான் யாரோ உட்கார்ந்து இதை எழுதியிருக்க வேண்டும்.

நான்காம் விதியில் ஒரு வரி இருந்தது. மறுபடி அதே வேலைக்குப் பயன்படக்கூடிய பொதிப்பொருள், அதற்காகவே கொடுக்கப்பட்டால், கழிவு ஆகாது. அதை எடுத்துப்போக அனுமதி தேவையில்லை. சீட்டில் பொருளின் தன்மை என்ற இடத்தில் 'மறுபயன்பாட்டுப் பொதி' என்று எழுதினால் போதும். நான் இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று இன்றைக்கு நான் சொல்ல முடியாது.

முதல் வாரம் மாமா குட்டி யானை வண்டியோடு பின்வாசலில் நின்றார். நான் புதுச் சீட்டுப் புத்தகத்தோடு போனேன். "என்னப்பா, பரீட்சையா?" என்றார். "இனிமே ஒவ்வொரு லோடுக்கும் எழுதணும் மாமா." "எழுது, எழுது. கழிவு ஒரு லோடு, நாப்பத்தாறு உருப்படி." நான் எழுதினேன். பொருளின் தன்மை: கழிவு. எண்ணிக்கை: நாற்பத்தாறு. வண்டியிலிருந்து இறங்கி வந்த அத்தை தன் பெயரை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக நட்டுவைப்பதுபோல எழுதினாள். பிறகு சீட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, "கையெழுத்தப் பாருங்க, அச்சு மாதிரி!" என்று மாமாவிடம் காட்டினாள். அது என் கையெழுத்தைப் பற்றி.

அன்று சாயங்காலம் மேலாளர் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிற மனிதர், குரல் உயராது. "கழிவுன்னே போட்டியா? நல்லதாப் போச்சு" என்றார். அப்போதுதான் நான்காம் விதி நினைவுக்கு வந்தது. "சார், அது மறுபயன்பாட்டுக்குப் போறது. மாத்தி எழுதிடவா?" என்றேன். அவர் சிரித்தார். "மாத்தினா நமக்கு என்ன கிடைக்கும்? கழிவுன்னு எழுதி வெளிய குடுத்தாத்தான் அது மீட்புக் கணக்குல சேரும். மறுபயன்பாடுன்னு எழுதினா அது கழிவே இல்ல, அப்புறம் எத மீட்ட? விகிதம் எப்படி ஏறும்? அந்த அம்மாவுக்கு என்ன எழுதினா என்ன, அவங்களுக்குப் பலகை வருது."

ஒரே பேலட். எங்கள் வாசலைத் தாண்டும்போது அது கழிவாக இருந்தால் கம்பெனிக்கு நல்லது. அவள் வாசலுக்குள் நுழையும்போது கழிவாக இல்லாமல் இருந்தால் அவளுக்கு நல்லது. நடுவில் ஒரு சீட்டு. முதல் சீட்டு வாய்ப்பழக்கத்தில் எழுதியது. அதற்குப் பிறகு எழுதிய பதினாறு சீட்டையும் அப்படிச் சொல்ல முடியாது.

பதினெட்டாம் வாரம் அத்தையின் பட்டறைக்கு அதிகாரி வந்தார். நான் அப்போது வேலையில் இருந்தேன். மாமா சொல்லித்தான் தெரியும். இளம் பெண், ஜீப் கூட இல்லை, ஸ்கூட்டரில் வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். தீ பிடித்தால் அணைக்கத் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டார். அத்தை குடிதண்ணீர் டிரம்மைக் காட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "இங்க பழைய பேலட்டச் சரி பண்றீங்க, அவ்வளவுதானே? அதுக்கு அனுமதி வேண்டியதில்லம்மா. எங்க இருந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் குறிச்சிக்கிறேன்" என்றிருக்கிறார். எழுதிக்கொண்டு கிளம்பவும் தயாராகிவிட்டார்.

அத்தைக்கு அது போதவில்லை.

"இருங்கம்மா, வாய்ல சொன்னா ஆச்சா? எல்லாம் எழுத்துல இருக்கு" என்று உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். பதினேழு சீட்டுகளும் அதில் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை. "என் தம்பி மகன் எழுதுனது. அந்தக் கம்பெனில ஆபீசரா இருக்கான். உங்க மாதிரி படிச்சவன். மறைக்க ஒண்ணுமில்ல, நல்லாப் பாருங்க" என்று கையில் கொடுத்தாள்.

அவர் நல்லாத்தான் பார்த்தார். பதினேழையும் பார்த்தார். பிறகு, அங்கே கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இதுல எல்லாத்துலயும் கழிவுன்னு போட்டிருக்கே."

"ஆமா, கழிவுதான். கம்பெனில கழிக்கிறது."

"கழிவு வாங்க அனுமதி வேணும்மா. உங்ககிட்ட இருக்கா?"

"இப்பத்தானே வேண்டாம்னீங்க?"

"பழைய பேலட்டுக்கு வேண்டாம்னேன்."

"இது பழைய பேலட்தானே?"

"சீட்டுல அப்படி இல்லையேம்மா. கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது பேச்சுக்குச் சொல்றதும்மா. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"பேச்சுக்குச் சொல்லியிருந்தா நான் காதுல வாங்கியிருக்கவே மாட்டேன்" என்றாராம் அவர். "எழுதி என் கையில குடுத்துட்டீங்களே."

அந்தப் பெண்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பார்த்த காகிதத்தைப் பார்க்காததாக நடிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் போனார். சீட்டு எழுதிய நிறுவனம் 'தவறுதலாகக் கழிவு என்று எழுதிவிட்டோம், கொடுத்தது மறுபயன்பாட்டுப் பொதிதான்' என்று ஒரு கடிதம் கொடுத்தால், பதினேழு சீட்டையும் திருத்தியதாக வைத்துக்கொண்டு விட்டுவிடலாம். பதினைந்து நாள் அவகாசம். இல்லாவிட்டால் பட்டறை கழிவு மீட்பகம் ஆகிவிடும். மீட்பகம் என்றால் சிமெண்டுத் தரை வேண்டும், தீயணைப்பு இடைவெளி வேண்டும், பதிவு செய்த குத்தகை வேண்டும், பட்டயம் பெற்ற பொறுப்பாளர் வேண்டும். அத்தை இருந்த இடம் மூடிப்போன ஒரு மில்லின் பின்பக்கம். குத்தகை என்பது அந்த மில்காரரின் வாய்ச்சொல். பதிவு கிதிவு என்று எதுவும் கிடையாது.

விஷயம் தெரிந்து நான் போனபோது அத்தை கலங்கியிருக்கவில்லை. ஒரு நொண்டுறதைக் குப்புறப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். "ஒரு கடுதாசி எழுதணுமாம்டா. உனக்கு அது என்ன பெரிய வேல. பல்லு வெளக்குற நேரத்துல எழுதிடுவ" என்றாள். வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம், "அவ்வளவுதான்டி, முடிஞ்சுது. ஆளாளுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்றாள்.

நான் மேலாளரிடம் போனேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "தாராளமா எழுது. உன் பேர்லயே எழுது, நான் ஒப்புதல் போடுறேன்" என்றார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. "ஆனா ஒண்ணு. போன காலாண்டு அறிக்கையில மீட்பு விகிதம் போட்டு அனுப்பியிருக்கோம். தயாரித்தவர்னு உன் கையெழுத்துதான் இருக்கு. இப்ப இது தப்புன்னா அதுவும் தப்பு. அதையும் இதே கடிதத்துல நீயே சொல்லிடு. அவங்க உன்னக் கேப்பாங்க. பதினேழு வாரம் ஒரே தப்பு எப்படி வரும்னு கேப்பாங்க. பதில் யோசிச்சு வச்சுக்கோ."

அவ்வளவுதான். மிரட்டவில்லை. திரும்பி வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அந்தக் கடிதத்தை எழுதினேன். எனக்கு நல்ல தமிழ் வரும். கல்லூரியில் கட்டுரைப் போட்டிப் பரிசு வாங்கியவன். எழுதி, அடித்து, திருத்தி, ஒரு சொல்லில்கூட யாரும் கை வைக்க முடியாதபடி ஆக்கினேன். பத்தாம் நாள் மதியம் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "படி, கேக்குறேன்."

படித்தேன். "மேற்படி சீட்டுகளில் இடம்பெற்றுள்ள 'கழிவு' என்னும் சொல், இத்தொழில் வழக்கில் நிறுவனங்களிலிருந்து வெளியேறும் அனைத்து மரப் பொதிப்பொருளையும் பொதுவாகக் குறிக்கப் பயன்பட்டு வருவதாகும் என்பதையும், மேற்படி பொருள்கள் பெறுநரால் பெரும்பாலும் செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு அளிக்கப்பட்டு வருவதாக அறிகிறோம் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்."

மாமா, "அடேங்கப்பா" என்றார்.

அத்தை கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "தப்பா எழுதிட்டேன்னு எங்கடா வருது?"

"அதுக்கு அர்த்தம் அதுதான் அத்தை."

"அர்த்தம் சரி. வார்த்தை எங்க?"

"அப்படி நேரடியா எழுதமாட்டாங்க. ஆபீஸ் கடிதம்னா இப்படித்தான் இருக்கும்."

"அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு உங்க மாமாவக் கேளு. தப்பா எழுதிட்டோம்னு எழுதிக் குடுங்கன்னா. நாலு வார்த்தை. நீ இம்மாம் பெருசா எழுதியிருக்க, அந்த நாலக் காணோம்."

"அவங்களுக்குப் புரியும் அத்தை."

அவள் என்னைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் என்று நான் நினைத்திருந்தேன். நடக்கிறதா, நொண்டுறதா, படுத்ததா என்று விழுகிற சத்தத்தை வைத்துச் சொல்கிறவள் அவள் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைத்தது. "வேல போயிடும்னு சொன்னாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்படிச் சொல்லல."

அது உண்மைதான். ஆம் என்று பொய் சொல்லியிருந்தால்கூட அவள் என்னை மன்னித்திருப்பாள். "போய்க் குடு" என்று எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலை அதிகாரியின் அலுவலகம். நீளமான அறை, நான்கு மேசை, சுவரில் ஓடாத கடிகாரம். அத்தை வெளுத்த புடவை கட்டி வந்திருந்தாள். விரல் இடுக்கில் இருந்த துருவைத் தேய்த்துக் கழுவியிருந்தாள், போகவில்லை. அதிகாரி கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு கேள்வி. சீட்டுல கழிவுன்னு எழுதினது தவறா, இல்லையா?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

"தொழில் வழக்குல அந்தச் சொல்..." என்று ஆரம்பித்தேன்.

"வழக்கு எனக்குத் தெரியும் சார். அம்மாவே சொன்னாங்க. நீங்க விதியப் படிச்சிட்டுத்தானே எழுதினீங்க? தவறுதலா எழுதினீங்களா?"

"கடிதத்துல இருக்கறதுதான் மேடம் எங்க நிலைப்பாடு" என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். மூடியைத் தேடினார். அத்தைதான் நகர்த்திக் கொடுத்தாள்.

உத்தரவு மூன்றாம் நாள் வந்தது. அபராதம் இல்லை. அதைக் கருணை அடிப்படையில் விட்டுவிட்டார்கள்; அனுமதி இல்லாதவளுக்குக் கொடுத்த எங்கள் நிறுவனத்துக்கும் ஓர் எச்சரிக்கையோடு முடிந்தது. அனுமதியின்றி பெறப்பட்ட கழிவு அனைத்தையும் பத்து நாளுக்குள் அனுமதி பெற்ற மீட்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அப்போது பட்டறையில் முந்நூறுக்கு மேல் பேலட் இருந்தது. பாதிக்கு மேல் சரிசெய்து, ஆணி மடக்கி, எடுத்துப்போக ஆள் வருவதற்காக அடுக்கி வைத்தவை. எல்லாம் நடக்கிறது.

அனுமதி பெற்ற மீட்பாளர் என்றால் ஊருக்கு வெளியே பெரிய நிறுவனம். அவர்களிடம் சிமெண்டுத் தரை இருக்கிறது, தொட்டி இருக்கிறது, பட்டயம் பெற்ற பொறுப்பாளர் இருக்கிறார், மரத்தைத் தூளாக்குகிற எந்திரம் இருக்கிறது. சரிசெய்கிற வேலை மட்டும் அவர்களிடம் இல்லை. எல்லாவற்றையும் தூளாக்கி, கொதிகலனில் எரிக்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அதற்கு 'எரிசக்தி மீட்பு' என்று விதியில் பெயர் இருக்கிறது, அதுவும் மீட்புதான். எரிக்கக்கூடாது என்று தொடங்கிய விதி. லாரி மூன்று முறை வந்து போனது. அத்தை ஏற்றிவிட்டாள். கூலிக்கு வந்த ஆட்கள் தாறுமாறாக எறிந்தபோது, "மெதுவாய்யா, மூல ஒடஞ்சிடும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மாமாதான், "ஒடஞ்சா என்ன, அது என்ன பொண்ணு பாக்கவா போகுது?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

நான் திட்டு வாங்கத் தயாராகப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் போனேன். அத்தை ஒருநாளும் திட்டவில்லை. வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி மட்டும் என் காதுபடவே, "ஒம்பது மணி வரைக்கும் ஆணி அடிக்காம இருந்தோமே, அதச் சொல்லு" என்றாள். அத்தை அவளை அதட்டினாள். பிறகு என்னிடம், "டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்றுதான் கூப்பிட்டாள். கோபத்திலும் டேய்தான், கொஞ்சலிலும் டேய்தான். பட்டம் வாங்கிய அன்று, "டேய் பட்டதாரி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். "என்ன அத்தை புதுசா?" என்றேன். "புதுசா ஒண்ணுமில்ல. உக்காருங்க" என்றாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தக் காலாண்டு எங்கள் நிறுவனத்தின் மரப் பொதிப்பொருள் மீட்பு விகிதம் நூறு சதவீதம். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். என் அட்டையில் 'உதவியாளர்' போய் 'அலுவலர்' வந்தது. ஊரில் அப்பா அதைப் பத்துப் பேரிடம் சொன்னார். தன் அக்கா ஏன் பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்று அவருக்குப் புரியவில்லை. நான் சொல்லவில்லை.

பெரிய நிறுவனத்தின் எந்திரத்துக்கு ஒரே ஒரு தொல்லை இருந்தது. ஆணி. ஆணியோடு பலகை உள்ளே போனால் கத்தி உடைந்துவிடும். வேகமாக ஆணி பிடுங்கத் தெரிந்தவர்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்டு விசாரித்து அத்தையிடம் வந்திருக்கிறார்கள். மாமா போகக்கூடாது என்றாராம். "வீட்ல உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள். இப்போது அவள் கை ஓடுகிற வேகத்துக்கு நல்ல பலகையெல்லாம் தடையில்லாமல் தூளாகிறது. மூலையைத் தூக்கிப் போட்டுப் பார்க்கிற வேலை அங்கே இல்லை. அதற்கு நேரம் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் கேட்டு என்ன ஆகப்போகிறது.

போன செவ்வாய்க்கிழமை அவர்களின் லாரி எங்கள் பின்வாசலுக்கு வந்தது. ஏற்றுகிற இடத்திலேயே பாதி ஆணியைப் பிடுங்கிவிட்டால் எந்திரத்தில் வேலை குறையும் என்று, லாரியோடு இரண்டு பெண்களை அனுப்பியிருந்தார்கள். இருவருக்கும் நிறுவனத்தின் மஞ்சள் சட்டை. அத்தைக்கு அது தோளில் தொங்கியது. வாசலில் காவலாளி, "என்ன பலகை அக்கா, ஆளே மாறிட்டீங்க!" என்றார். "சட்டதான் மாறியிருக்கு" என்றாள்.

நான் வாசலின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது பேச வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை யோசித்து வைத்திருந்தேன். நேரடியான வாக்கியம், நாலே நாலு வார்த்தை. "அத்தை" என்று கூப்பிட்டேன்.

அவள் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக் கையசைத்து டிரைவருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வேலை செய்கிற இடத்தில் குறுக்கே நிற்கிற ஒரு அலுவலரைப் பார்க்கிற மரியாதைதான் இருந்தது.

"வண்டி திரும்பணும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.